வாசல் புங்கமரமும் அடைக்கிற டிரெய்னேஜும்: மரத்தை வெட்டத்தான் வேண்டுமா?

கேள்வி கேட்டவர் மேற்கு மாம்பலத்தில் இருக்கிறார். கேட்டுக்கு வெளியே 25 வயதுப் புங்கமரம். ஒன்றரை வருடத்தில் 4 முறை டிரெய்னேஜ் அடைப்பு. கடைசி முறை ராடு போட்டபோது சவுரி முடி போல ஒரு கற்றை வேர் வெளியே வந்திருக்கிறது. பிளம்பர் அதைக் கையில் பிடித்துக் காட்டி, "மரத்தை எடுத்தால்தான் சார் தீரும்" என்று சொல்லிவிட்டார். மரத்தை வெட்டிவிடலாமா, இல்லை வேரை மட்டும் சாகடிக்க மருந்து ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். இதில் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அடைப்புக்குக் காரணம் மரமா குழாயா என்பது முதல் கேள்வி. மரம் போனால் பிரச்சினையும் போய்விடுமா என்பது இரண்டாவது.

நான் மரம் படித்தவன் இல்லை. கழிவுநீர்க் குழாய் பதிக்கிற, பழுது பார்க்கிற வேலையில் 22 வருடம் இருந்தவன். மரத்தைப் பற்றி நான் சொல்வதில் பாதி பள்ளத்துக்குள் நின்று பார்த்தது, மீதி அப்படிப் பார்த்த பிறகு தேடிப் படித்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல நிலையில் இருக்கிற குழாயை வேர் துளைக்காது. வேரின் நுனி மென்மையானது. அது மண்ணில் கிடைக்கிற சந்துகள் வழியாக நெளிந்து போகுமே தவிர, பீங்கானையோ பி.வி.சி.யையோ குடைந்து உள்ளே போகிற வலு அதற்குக் கிடையாது. ஆனால் தலைமுடி நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல் இருந்தால் போதும், சல்லிவேர் உள்ளே போய்விடும். போன பிறகுதான் வேலையைக் காட்டும். கழிவுநீர்க் குழாயில் எப்போதும் கீழே தண்ணீர் ஓடும், மேல் பாதியில் காற்று இருக்கும், ஓடுகிற தண்ணீரிலேயே உரமும் இருக்கும். வேருக்கு வேண்டிய மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பதால் அங்கே அது கொத்தாகப் படர்கிறது. அந்தக் கொத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் துணி நூலும் தலைமுடியும் மாட்டிக்கொள்ள, அடைப்பு வந்துவிடுகிறது. விரிசலில் நுழைந்த மெல்லிய வேர் நாளாக நாளாகப் பருத்து, ஆப்பு அடித்ததுபோல இணைப்பை அகட்டவும் செய்யும். ஆக, வேர் பழுதைப் பெரிதாக்குகிறது என்பது உண்மைதான். அதைத் தொடங்கி வைத்தது பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று.

உங்கள் வீட்டில் அந்த வேறு ஏதோ ஒன்று என்னவாக இருக்கும்? வீட்டுக்கும் மரத்தின் வயதுதான் என்றால், சேம்பரிலிருந்து (வீட்டுக் கழிவுநீர் வந்து சேர்கிற மூடிபோட்ட தொட்டி) தெரு மேன்ஹோல் வரை பழைய ஸ்டோன்வேர் குழாய் இருக்க வாய்ப்பு அதிகம். பழுப்பு நிறத்தில் பளபளப்பாக இருக்கும், பழைய ஆட்கள் பீங்கான் பைப் என்பார்கள். அது இரண்டு மூன்று அடித் துண்டுகளாக வரும். ஒன்றின் வாய்க்குள் அடுத்ததைச் செருகி, சணல் கயிறு திணித்து, மேலே சிமென்ட் கலவை பூசுவோம். 30 அடி தூரத்துக்குப் பத்துப் பதினைந்து இணைப்பு வந்துவிடும். 20 வருடத்தில் சணல் மக்கிவிடும், சிமென்ட் வெடித்துவிடும். அதோடு உங்கள் பகுதி களிமண். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணாநகர், விருகம்பாக்கம் எல்லாம் அப்படித்தான். திருவான்மியூர், அடையாறு பக்கம் மணல். களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். மேலே லாரி போகிற அதிர்வு இல்லாவிட்டாலும், மண்ணின் இந்த அசைவே குழாய் இணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடும். கோடையில் மரம் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி இந்தச் சுருக்கத்தைக் கூட்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மரத்துக்கு இதில் பங்கே இல்லை என்று வாதாட நான் வரவில்லை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வேர் உள்ளே போகிற அதே வழியாகத்தான் உங்கள் கழிவுநீர் வெளியே போகிறது. குழாயில் வேர் வந்திருக்கிறது என்றால் அந்த இடத்தில் குழாய் ஒழுகுகிறது என்று பொருள். உங்கள் சம்ப் அங்கிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது, போர் எங்கே இருக்கிறது என்று ஒரு முறை அளந்து பாருங்கள். சென்னையின் மனைகளில் இவை மூன்றும் ஒரே வாசலில்தான் இருக்கும். வேர் அடைப்பு என்று கூப்பிட்ட வீடுகளில் சம்ப் தண்ணீர் நாறுகிறது என்ற புகாரும் சேர்ந்தே வந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சம்ப் சுவரிலும் கீறல் இருந்தால் அதற்குள்ளும் வேர் இறங்கியிருக்கும். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், சுவரோரம் சிவப்பு நூல்போலத் தொங்கினால் அங்கும் கசிவு இருக்கிறது. மரத்தை வெட்டிவிட்டால் வேர் வருவது நிற்கும், அடைப்பும் கொஞ்ச நாள் குறையும். ஒழுகல் நிற்காது. அது இருப்பது தெரியாமலே போய்விடும். மரத்தை வெட்டிய வீடுகளில் எனக்கு இருந்த பெரிய கவலையே இதுதான். உள்ளே ஏற்கெனவே போன வேரும் ஒரே நாளில் காணாமல் போகாது. செத்து அழுகித் துண்டு துண்டாக வந்து இன்னும் சில மாதம் அடைக்கும்.

சரி, உறுதியில்லாத விஷயங்களுக்கு வருவோம். "இந்த மரத்தின் வேர் மோசம், அந்த மரம் பரவாயில்லை" என்று ஊரில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. ஆல், அரசு, இச்சி போன்ற அத்திக் குடும்பத்து மரங்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோபுர இடுக்கில் பறவை எச்சத்தில் முளைத்துக் கல்லையே பிளக்கிற அரசங்கன்றை எல்லோரும் பார்த்திருப்போம். அதே கன்று உங்கள் சேம்பர் சுவரிலும் முளைக்கும். விரல் தடிமன் வருவதற்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும், அதில் இரக்கம் பார்க்காதீர்கள். மற்ற மரங்களில் அவ்வளவு தெளிவு கிடையாது. சுவீடனில் குழாய்களுக்குள் கேமரா விட்டுப் பெரிய அளவில் ஆய்வு செய்தார்கள். ஆபத்தானவை என்று யாரும் நினைக்காத பல மரங்களும் புதர்களும்கூடக் குழாய்க்குள் வேர் விட்டிருந்ததைக் கண்டார்கள். நம் ஊர்ப் புங்கத்துக்கும் வேம்புக்கும் அப்படி முறையாக எடுத்த கணக்கை நான் பார்த்ததில்லை. என் அனுபவத்தில் மரத்தின் வகையைவிடக் குழாயின் நிலைமையும் இடைப்பட்ட தூரமும்தான் கணக்கு. பக்கத்தில் தூங்குமூஞ்சி இருந்தும் சுத்தமாக இருந்த குழாயைப் பார்த்திருக்கிறேன். 40 அடி தள்ளி இருந்த வேம்பின் வேர் ஒரு உடைந்த சேம்பரைத் தேடி வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

"தேடி வந்தது" என்று நானே எழுதிவிட்டேன். வேர் தண்ணீரை மோப்பம் பிடித்து வரும் என்று சொல்வது வழக்கம். ஈரம் கூடுகிற பக்கம் வேர் நுனி திரும்பும் என்பது நிரூபணமான விஷயம். கசிகிற குழாயைச் சுற்றி மண் ஈரமாக இருக்கும், பள்ளம் தோண்டி மூடிய மண் சுற்றியிருப்பதைவிடப் பொலபொலவென்று காற்றோட்டமாக இருக்கும், அதனால் வேர் அந்தத் தடத்திலேயே போகும். குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தை உணர்ந்தும் வேர் வரலாம் என்று பட்டாணிச் செடியை வைத்து 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. சுவாரசியமானது, ஆனால் தெருவில் நிற்கிற புங்கமரத்துக்கு அதை அப்படியே பொருத்த நான் துணிய மாட்டேன்.

இன்னொரு தவறான நம்பிக்கை, மரத்தின் வேர் நேராகக் கீழே போகும் என்பது. பெரும்பாலான வேர்கள் மேல் 2, 3 அடி மண்ணுக்குள்தான் இருக்கும், ஏனென்றால் வேருக்கும் மூச்சுக்காற்று வேண்டும். பக்கவாட்டில் கிளைகளின் நிழல் விழுகிற வட்டத்தையும் தாண்டிப் போகும். நம் வீட்டுக் குழாய், மெட்ரோ தண்ணீர் லைன், மின்கேபிள், இன்டர்நெட் கேபிள் எல்லாம் அதே 2, 3 அடியில்தான் கிடக்கின்றன. மரத்துக்கும் நமக்கும் ஒரே அடுக்கில்தான் இடம். குடிதண்ணீர்க் குழாயில் அழுத்தம் இருப்பதால் அதற்குள் வேர் நுழைவது அபூர்வம், ஆனால் ஆழமில்லாமல் போட்ட குழாயைப் பருத்த வேர் தூக்கி வளைத்துவிடும். கேபிள்களுக்கு வேரால் பெரிய தொல்லை இல்லை. மரம் சாய்ந்தால்தான் மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு வரும்.

இப்போது உங்களுக்கு என்ன செய்வது? முதலில் அடைப்பு எங்கே என்று பாருங்கள். அடைக்கும்போது வீட்டுக்குள் இருக்கிற கடைசி சேம்பரில் தண்ணீர் நின்றால், அதற்கும் தெரு மேன்ஹோலுக்கும் நடுவில் பிரச்சினை. அந்த சேம்பர் காலியாக இருந்து சமையலறைப் பக்கச் சேம்பர் மட்டும் நிரம்பினால், குற்றவாளி எண்ணெய்ப் பிசுக்காக இருக்கலாம். வந்த வேர் தற்செயலாகவும் வந்திருக்கலாம். இதை உறுதி செய்ய நல்ல வழி, குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது. சென்னையில் தனியாரிடமே இந்தக் கருவி இருக்கிறது. கேமரா விடுவதற்கு முன் அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சி (ஜெட் அடித்து) லைனைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அழுக்குத் தண்ணீரைத்தான் படம் பிடிப்பார்கள். எத்தனையாவது அடியில் வேர் நுழைகிறது, ஒரு இடமா பல இடமா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழாய்க்குள் இருக்கிற சல்லிவேரை அறுப்பதால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அறுத்த இடத்தில் முன்னைவிட அதிகக் கிளை விட்டு, ஒரு வருடத்துக்குள் மறுபடி வந்து நிற்கும். ராடு போடுவது தற்காலிகம் என்று தெரிந்து செய்தால் தப்பில்லை.

எந்த நிலையிலும் ஒரு ஆளை மேன்ஹோலுக்குள் இறங்கச் சொல்லாதீர்கள். அவரே "அஞ்சு நிமிஷ வேலை சார்" என்றாலும் வேண்டாம். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்த 2013-ம் வருடச் சட்டம் அதைத் தடுக்கிறது என்பது ஒரு பக்கம். உள்ளே நிற்கிற விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், தூக்க இறங்கியவரையும் சேர்த்துக் கொண்டுபோகும். வேர் அடைப்பு என்றால் கையால் பிடுங்கத் தோன்றும் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

மருந்து கேட்டிருந்தீர்கள். ஆசிட் ஊற்றாதீர்கள். அது வேரைத் தொடுவதற்கு முன் இணைப்பில் இருக்கிற சிமென்டைத் தின்னும், ஓட்டை இன்னும் பெரிதாகும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடச் சொல்லுவார்கள். அது தொட்ட வேரைக் கருக்கும் என்பது உண்மை. ஆனால் சரிவான குழாயில் நிற்காமல் ஓடிவிடும். குழாயின் மேல் பக்கத்திலிருந்து தொங்குகிற வேரில் படாது. செம்பு நஞ்சு என்பதால் கழிவைச் செரிக்கிற நுண்ணுயிர்களையும், தப்பித்துப் போய்ச் சேருகிற நீர்நிலையில் மீன்களையும் கொல்லும். உங்கள் குழாய் ஒழுகுகிறது என்றால் கொஞ்சம் உங்கள் மண்ணிலும் இறங்கும். நான் யாருக்கும் அதைச் சொல்வதில்லை.

நிலையான தீர்வு, அந்த நீளத்துக்குக் குழாயை மாற்றுவதுதான். ஒட்டுகிற பி.வி.சி. அல்லது ரப்பர் வளையம் வைத்த இணைப்பு, முடிந்தவரை நீளமான துண்டுகள், மரத்தை ஒட்டிய பகுதியில் இணைப்பே வராதபடி திட்டமிடுவது. 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஒரு அடி சரிவு கிடைக்க வேண்டும். பி.வி.சி. போட்டால் ஆயுசுக்கும் வேர் வராது என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் முழுதாக நம்ப வேண்டாம். சுவீடன் ஆய்வுகளில் புதிய பி.வி.சி., கான்கிரீட் குழாய் இணைப்புகளிலும் வேர் நுழைந்திருந்தது. ரப்பர் வளையம் சுருண்டுபோகாமல் உட்கார்ந்திருக்கிறதா, குழாய்க்கு அடியில் மணல் படுக்கை சமமாக இருக்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். தோண்டவே இடமில்லை என்றால், பழைய குழாய்க்குள்ளேயே பிசின் ஊறிய துணியுறையை விட்டு இறுக வைத்துப் புதுக்குழாய் ஆக்குகிற முறை இருக்கிறது. 1971-ல் லண்டனில் தொடங்கியது. தெருவின் பெரிய குழாய்களுக்கு அருமையான முறை. ஒரு வீட்டு இணைப்புக்குச் செலவு கட்டுமா என்பதை விலை கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தோண்டும்போதுதான் மரத்தைக் கொல்கிறோம். இதை நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். 2015-ல் ஒரு தெருவில் குழாய் மாற்றும் வேலைக்கு நான் பொறுப்பு. நடுத்தெருவில் ஏற்கெனவே வேறு லைன் கிடந்ததால், ஓரமாக நின்ற ஒரு பெரிய தூங்குமூஞ்சிக்கு 2 அடி தள்ளி ஜே.சி.பி.யால் பள்ளம் எடுத்தோம். தொடை தடிமன் வேர்கள் நான்கைந்து போயின. மரம் வாடவில்லை, அடுத்த சித்திரையில் பூக்கவும் செய்தது, நானும் ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிட்டேன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தது. மறுநாள் அந்தத் தெருவுக்குப் போனபோது மரம் எதிர்வீட்டு மதில் மேல் கிடந்தது. பெயர்ந்த வேர்த்தட்டில் எங்கள் பள்ளத்தின் பக்கம் வேரே இல்லை, சுவர் வைத்ததுபோல நேராக வெட்டியிருந்தது. காற்று எப்படியும் சாய்த்திருக்குமா என்று நிச்சயமாகச் சொல்ல வழியில்லை. அந்தப் புயலில் வேர் வெட்டுப்படாத மரங்களும் ஆயிரக்கணக்கில் விழுந்தன. ஆனாலும் அந்த நேர்வெட்டு என் கண்ணை விட்டுப் போகவில்லை. நல்லவேளை, அந்த நேரத்தில் தெருவில் யாரும் இல்லை.

அதற்குப் பிறகுதான் பிற நாடுகளின் விதிகளைத் தேடிப் படித்தேன். அடிமரத்தின் விட்டத்தைப் போல 12 மடங்கு தூரம் வரை வேரின் எல்லை என்று பிரிட்டன் தரநிலை சொல்கிறது. ஒரு அடி விட்டமுள்ள மரத்துக்கு 12 அடி. நம் தெருவில் அந்த வட்டத்துக்குள் உங்கள் கேட், படி, சம்ப் எல்லாமே வந்துவிடும், அதனால் அப்படியே கடைப்பிடிக்க முடியாது. அங்கே குழாய், கேபிள் போடுகிறவர்கள் வைத்திருக்கிற நடைமுறை நமக்கு உதவும்: மரத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் தோண்டவே கூடாது, அதற்கு அடுத்த பகுதியில் இயந்திரம் இல்லாமல் கையால் தோண்ட வேண்டும், 25 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த வேரை வெட்டக் கூடாது. அதாவது கட்டைவிரலைவிடத் தடித்த வேர் என்றால் விட்டுவிட்டு, அதற்கு அடியில் மண்ணைச் சுரண்டிக் குழாயை நுழைக்க வேண்டும். பி.வி.சி. என்பதால் அது முடியும். கடப்பாரையால் குத்தாமல் மண்ணில் தண்ணீர் விட்டு இளக்கிச் சின்ன மண்வெட்டியால் எடுக்கச் சொல்லுங்கள். வெளியே தெரிகிற வேரை ஈரச் சாக்கால் மூடி வையுங்கள், அன்றைக்கே மண் போட்டு மூடிவிடுங்கள். வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் காற்றும் இருக்கும்போது ஒரு பக்க வேரைத் தொடுவது ஆபத்து.

மரத்தை எடுத்தே ஆக வேண்டிய நிலைமையும் உண்டு. அடிமரம் பொந்து விழுந்திருந்தால், புதிதாகச் சாயத் தொடங்கியிருந்தால், தெருப்பக்கம் மழைநீர் வடிகால் வேலையில் ஏற்கெனவே பாதி வேர் போயிருந்து இப்போது வீட்டுப்பக்கமும் வெட்ட வேண்டிவந்தால், மரம் வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று நானே சொல்வேன். அதை மரம் தெரிந்த ஒருவர் வந்து அடியைப் பார்த்துச் சொல்ல வேண்டும், பிளம்பரோ நானோ படத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது. கேட்டுக்கு வெளியே நிற்பதால் அது உங்கள் மரமும் இல்லை. அரசு நிலத்து மரத்துக்கு மாவட்டப் பசுமைக் குழு வழியாக அனுமதி வாங்க வேண்டும்.

மரத்தைச் சுற்றி சிமென்ட் போட்டிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதை உடைத்துவிடுங்கள். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்கு கான்கிரீட்டை அகற்றச் சொல்லி 2013-லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. மேலே மழைத்தண்ணீர் இறங்குகிற மண் கிடைத்தால் வேர் குழாயை விட்டுவிடும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் நாலாப்பக்கமும் அடைபட்ட மண்ணில் ஈரமும் காற்றும் கிடைக்கிற ஒரே இடம் உடைந்த குழாய்தான் என்றால், வேர் வேறு எங்கே போகும்? ஸ்டாக்ஹோமில் நடைபாதைக்கு அடியில் பெரிய கற்களை நிரப்பி, இடுக்கில் மண்ணும் காற்றும் விட்டு, வேருக்கென்றே இடம் செய்கிறார்கள். நம் தெருக்களை மறுபடி தோண்டும்போதாவது இதை யோசிக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

கேமரா பார்த்த பிறகு மூன்று அளவை எழுதுங்கள்: மார்பு உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு, கடைசி சேம்பரிலிருந்து வேர் நுழைகிற இடம் வரை எத்தனை அடி, அந்த இடத்திலிருந்து மரம் எத்தனை அடி. சம்ப் இருக்கிற இடத்தையும் ஒரு துண்டுத்தாளில் வரைந்து போடுங்கள். புதுக்குழாயை மரத்துக்கு எந்தப் பக்கமாகத் திருப்பலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.